'தி ஃபால்': கண்ணைக் கட்டிப்போட்ட படமா, கதையைக் கோட்டைவிட்ட படமா? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இந்தப் படத்தை ஏழெட்டு முறை பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் கதை உடையும்.

கேள்வி: படம் பார்க்காத என்னைப் போன்றவர்களுக்கு, எதைப் பற்றிய படம் என்று மட்டும் சொல்லுங்களேன் அண்ணா.

1915 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மருத்துவமனை. ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கும்போது விழுந்து கை ஒடிந்த அலெக்ஸாண்ட்ரியா என்ற சின்னப் பெண் அங்கே இருக்கிறாள். சினிமா ஸ்டண்டுக்காக ரயில் பாலத்திலிருந்து விழுந்து, கால் அசையாமல் படுத்திருக்கும் ராய் அவளுக்குக் கதை சொல்கிறான். ஒரு கொடுங்கோல் ஆளுநரைப் பழிவாங்கக் கிளம்பும் ஐந்தாறு பேரின் கதை. அவன் சொல்லச் சொல்ல அவள் மனசில் ஓடுவதுதான் நமக்குத் திரையில் தெரிகிறது. இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தார்செம் சிங். 1981இல் வந்த 'யோ ஹோ ஹோ' என்ற பல்கேரியப் படத்திலிருந்து கருவை எடுத்திருக்கிறார்.

கேள்வி: ஸ்டில்ஸ் பார்த்தேன். அந்த நீல ஊர், படிக்கட்டுக் கிணறு எல்லாம் கிராபிக்ஸ்தானே?

இல்லை. நீல ஊர் ஜோத்பூர். படிக்கிணறு ராஜஸ்தானின் ஆபாநேரியில் இருக்கும் சாந்த் பாவ்ரி. செம்மணல் மேடுகள் நமீபியா. ஃபதேபூர் சிக்ரி, ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர், லடாக்கின் பாங்காங் ஏரி, பாலித் தீவு என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நாலு வருடம் எடுத்த படம். தார்செமின் பிழைப்பு விளம்பரப் படம். அதற்காக எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே இதற்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், செலவும் பெரும்பாலும் சொந்தக் கைக்காசு. ஜோத்பூரில் வீடுகளின் நீலம் வெளிறியிருந்ததால் ஊர்க்காரர்களுக்குப் பெயின்ட் வாங்கிக் கொடுத்துப் புதிதாக அடிக்கவைத்தார்கள். கடலில் யானை நீந்துகிறதே, அதுவும் நிஜ யானைதான், அந்தமானில் இருந்த ராஜன்.

உடைகளை மறந்துவிடாதீர்கள், ஜப்பானின் எய்கோ இஷியோகா செய்தவை. பாலைவனத்தில் அந்தச் சிவப்பு இல்லையென்றால் பாதி ஷாட் வெறும் சுற்றுலா போஸ்டராகப் போயிருக்கும்.

கேள்வி: கதை கோர்வையாகவே இல்லை சார். ஒருத்தன் செத்துப்போனான் என்கிறார்கள், திடீரென்று புது ஆள் வருகிறான், காரணமே இல்லாமல் இடம் மாறுகிறது. இதைப் போய் எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

பாதி உண்மை. ஆனால் கதையைச் சொல்வது யார், எதற்குச் சொல்கிறான் என்பதைப் பாருங்கள். ராய்க்குக் கதை ஒரு லஞ்சம். காதலி கதாநாயக நடிகனோடு போய்விட்டாள், காலும் போச்சு, இவனுக்குச் சாக வேண்டும். அதற்கு மார்ஃபின் (morphine) என்ற கடும் வலிநிவாரணி மாத்திரை வேண்டும், எடுத்துவர அந்தச் சின்னப் பெண் வேண்டும். அதனால் சுவாரசியமான இடத்தில் கதையை நிறுத்துகிறான், அவள் முகம் வாடினால் மாற்றுகிறான், வாய்க்கு வந்ததைச் சேர்க்கிறான். கோர்வையாக இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அவள் பங்கும் இருக்கிறது. கதையில் ஒரு 'இண்டியன்' வருகிறான். ராய் சொல்வது அமெரிக்கப் பூர்வகுடி ஆளை, அவன் வசனத்தில் 'விக்வாம்' என்ற கூடாரமெல்லாம் வருகிறது. ஆனால் அலெக்ஸாண்ட்ரியாவுக்குத் தெரிந்த இண்டியன், ஆரஞ்சுத் தோட்டத்தில் கூட வேலை செய்யும் தலைப்பாகைக்காரர். அதனால் திரையில் நிற்பது தாடியும் தலைப்பாகையுமாக நம்மூர் ஆள்! படம் இதை எங்கேயும் விளக்குவதில்லை. காது கேட்பது ஒன்று, கண் பார்ப்பது இன்னொன்று, படம் முழுக்க இந்த விளையாட்டுத்தான். எதிரி வீரர்களின் கறுப்புக் கவசத்தை மருத்துவமனைப் பக்கம் தேடிப் பாருங்கள், எக்ஸ்ரே எடுப்பவரின் உடையில் கிடைக்கும். அவள் பயந்ததெல்லாம் கதையில் வில்லனாக வருகிறது.

கேள்வி: அப்போ குறையே இல்லை என்கிறீர்களா? கதை சொல்பவன் தடுமாறுகிறான் என்று எதை வேண்டுமானாலும் மன்னித்துவிடலாமே.

சரியான பிடி. அங்கேதான் நான் இந்தப் படத்தின் ரசிகர்களோடு சண்டை போடுகிறேன். கதை தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சலிப்புத் தட்டுவதற்கு அதே காரணத்தைச் சொல்ல முடியாது. அந்த வீரர்களில் ஒருவரையாவது நமக்கு உண்மையாகத் தெரியுமா? வெடிகுண்டு லூயிஜி, தப்பிவந்த அடிமை ஓட்டா பெங்கா, மந்திரவாதி, எல்லாருக்கும் ஆளுக்கொரு உடை, ஆளுக்கொரு பழி, அவ்வளவுதான். கடைசியில் அவர்கள் ஒவ்வொருவராகச் சாகும்போது நான் அழுதது அலெக்ஸாண்ட்ரியா அழுததற்காக. அவர்களுக்காக ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நடுவில் ஒரு இருபது நிமிடம் ஆல்பம் புரட்டுவது மாதிரி இருக்கிறது.

ஓட்டா பெங்கா விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. அந்தப் பெயரில் காங்கோவிலிருந்து ஒரு நிஜ மனிதர் இருந்தார், 1906இல் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் குரங்குகளோடு வைத்துக் காட்டினார்கள். அவ்வளவு கனமான பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்துக்கு வாட்டசாட்டமான உடம்பையும் ஒரு அழகான சாவையும் தவிர எதுவும் கொடுக்கவில்லை. வீரர்களில் ஒருவராக வரும் சார்லஸ் டார்வினுக்காவது ஒரு நல்ல நக்கல் கிடைத்தது: அவருக்கு யோசனை சொல்லும் குரங்கின் பெயர் வாலஸ். பரிணாமக் கொள்கையை டார்வினைப் போலவே தனியாகக் கண்டுபிடித்து 1858இல் அவருக்கே எழுதி அனுப்பிய வாலஸ் நினைவுக்கு வந்தால் சிரிப்பு வரும்.

கேள்வி: விளம்பரக்காரர் எடுத்த நீளமான விளம்பரம் என்று ஒரு நண்பன் சொன்னான். என்ன பதில் சொல்லட்டும்?

பாலைவனக் காட்சிகளுக்கு மட்டும் என்றால் நண்பனோடு பாதி தூரம் போவேன். தாஜ் மகாலைக் காட்டும் ஷாட்டில் எனக்கும் அதுதான் தோன்றியது. மருத்துவமனைக் காட்சிகளை எந்த விளம்பரக்காரரும் எடுக்க முடியாது என்று சொல்லுங்கள், அடுத்த பதிலையும் காட்டுங்கள்.

கேள்வி: அந்தக் குழந்தை நடிக்கிறதா, நிஜமாகப் பேசுகிறதா? எனக்குப் புரியவே இல்லை.

ரெண்டும்தான். கடின்கா உன்டாரு, ருமேனியப் பெண், அப்போது ஆறு வயது, ஆங்கிலம் அரைகுறை. ராயாக நடித்த லீ பேஸுக்கு நிஜமாகவே நடக்க வராது என்று அவளை நம்பவைத்திருந்தார்கள். படக்குழுவிலும் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். கட்டிலைச் சுற்றிய திரைச்சீலையில் சின்ன ஓட்டைகள் போட்டு, அதன் வழியாக ஒளித்துப் படம்பிடித்தார்கள், கேமரா முகத்துக்கு நேரே நிற்காததால் அவள் தன் பாட்டுக்கு அவனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மாத்திரைக் காட்சியும் இப்படி வந்ததுதான். ராய் காகிதத்தில் MORPHINE என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறான். அவள் மூன்றே மூன்று மாத்திரை கொண்டுவருகிறாள், மீதியைக் கழிவறையில் கொட்டிவிட்டேன் என்கிறாள். ஏன் என்றால், கடைசி எழுத்தான 'E' அவள் கண்ணுக்கு மூன்று என்ற எண்ணாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சிறுமி எழுத்தைத் தப்பாகப் படித்ததைத் தார்செம் கதைக்குள்ளேயே எடுத்துக்கொண்டார். ஒரு மனிதனின் உயிர் ஒரு எழுத்துப் பிழையில் பிழைக்கிறது, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: ஒரே ஒரு ஷாட் தேர்ந்தெடுக்கச் சொன்னால்? பட்டாம்பூச்சி தீவாக மாறுவதுதானே?

அது அழகுதான், பாதிரியாரின் முகம் பாலைவனமாக மாறுவதும் அழகுதான். என் ஓட்டு வேறு ஒன்றுக்கு. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு குதிரை தலைகீழாக அசையும், ஞாபகம் இருக்கிறதா? வெளியே வெயிலில் நிற்கும் குதிரைதான் அது. வெளிச்சம் கதவின் சாவித் துவாரத்தில் நுழையும்போது மேலிருந்து வருவது கீழே போகும், கீழிருந்து வருவது மேலே போகும், அதனால் சுவரில் உருவம் கவிழ்ந்து விழுகிறது. அலெக்ஸாண்ட்ரியா விரலை நீட்டி அதைத் தொட்டுப் பார்க்கிறாள். சினிமா என்ற சொல்லே தெரியாத ஒரு பெண், இருட்டு அறையில் முதல் சினிமாவைப் பார்த்துவிட்டாள். இதற்கு நமீபியாவும் வேண்டாம், யானையும் வேண்டாம், ஒரு துவாரம் போதும். நாலு வருடம் உலகம் சுற்றியவர் எடுத்த படத்தில் மனசில் நின்றது ஒரு காரைச் சுவர் என்பதை அவருக்கே யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: முதல் காட்சியில் வரும் இசை எது? பாலத்திலிருந்து குதிரையைக் கயிறு கட்டித் தூக்குவார்களே.

பீத்தோவனின் 7ஆம் சிம்பொனி, இரண்டாம் பகுதி. அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சி முதல்முறை ஒன்றும் புரியாது. படம் முடிந்ததும் திரும்பப் போட்டுப் பாருங்கள், ராய் விழுந்த விபத்துக்கு அப்புறம் நடப்பதுதான் அது.

கேள்வி: எட்டு வயதுப் பெண்ணோடு பார்க்கலாமா அக்காவும் நானும்?

வேண்டாம். நாயகி சின்னப் பெண் என்றாலும் தற்கொலை எண்ணம்தான் படத்தின் நடுநரம்பு, கடைசி அரைமணி நேரம் ரத்தமும் அதிகம். அமெரிக்காவிலும் 'ஆர்' சான்றிதழ்தான், அதாவது 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள், அப்போது ஏன் ஓடவில்லை? இப்போது எந்தப் பிரதியில் பார்ப்பது?

2006இல் டொராண்டோ விழாவில் திரையிட்டார்கள், வாங்குவதற்கு ஆள் வரவில்லை. இயக்குநர்கள் டேவிட் ஃபின்ச்சரும் ஸ்பைக் ஜோன்ஸும் தங்கள் பெயரைப் போட்டு 2008இல் வெளியே கொண்டுவந்தார்கள். ராஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரம் கொடுத்தார், மற்ற விமர்சகர்களில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்புறம் பல வருடம் நல்ல பிரதியே கிடைக்காமல் இருந்தது. 2024இல் புதுப்பித்த 4கே பிரதியை முபி என்ற ஓடிடி தளம் வெளியிட்டது, அதில் பாருங்கள். போனில் மட்டும் வேண்டாம், அந்தக் குதிரை கட்டெறும்பு அளவில்தான் தெரியும்.