அடையாள அட்டைக் கொப்பியும் ஆறு இலக்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நல்லூர்க் கொடி இறங்கிய கையோடு இந்தக் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து, கடை கடையாய்க் காட் போட்டுத் திரிந்த கணக்கு அப்போதுதான் கைக்கு வரும். வங்கியில் காட் பிரிவிலேயே காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இது புதிதில்லை.

கனடாவிலிருந்து மகன் பார்சல் போட்டிருந்தான். "முகவரி பிழை, 50 ரூபா கட்டுங்கள்" என்று தபால் கந்தோர் பெயரில் எஸ்.எம்.எஸ். வந்தது. காட் விபரம் எல்லாம் அடித்துவிட்டேன். 50 ரூபாதானே? (கொக்குவில் வாசகி)

அவனுக்கு உங்கள் 50 ரூபா தேவையில்லை அக்கா. முன்பக்கத்து 16 இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், இவ்வளவும்தான் தேவை. அதை நீங்களே அடித்துக் கொடுத்தாயிற்று. இதை வாசித்து முடிக்க முதல் வங்கிக்கு அடித்து அந்தக் காட்டை நிற்பாட்டுங்கள். புதுக் காட் புது இலக்கத்தோடு வரும்.

அரச திணைக்களங்களின் இணைய முகவரி 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்று முடியும். அதற்குப் பிறகு சாய்கோடு வரலாம். புள்ளியோ கோடோ போட்டு இன்னொரு பெயர் ஒட்டியிருந்தால் அது கள்ளன் வீட்டு முகவரி. மகன் உண்மையிலேயே பார்சல் போட்டிருந்தது தற்செயல். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேராவது பார்சலுக்குக் காத்திருப்பார்கள்தானே.

போனில் நல்ல தமிழில் கதைத்து, "உங்களுக்கு ஒரு காசு திரும்ப வரவேண்டும், எஸ்.எம்.எஸ்.இல் வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றார். சொல்லலாமா? (சுன்னாகம்)

கூடாது. காசு உங்களிடம் வர ஓ.ரி.பி. (ஒருமுறை மட்டும் பாவிக்கிற அந்த இரகசிய இலக்கம்) தேவையே இல்லை, கணக்கு இலக்கம் போதும். ஓ.ரி.பி. கேட்டால் காசு போகப் போகிறது என்றுதான் அர்த்தம். அந்தச் செய்தியை முழுதாக வாசியுங்கள். பெரும்பாலும் எந்தக் கடை, எவ்வளவு தொகை என்று அதிலேயே இருக்கும். நம் ஆட்கள் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே உள்ளதை விட்டுவிடுவார்கள்.

எங்கே போனாலும் அடையாள அட்டைக் கொப்பி கேட்கிறார்கள். அதை வைத்து என்ன செய்ய முடியும்? (மானிப்பாய்)

தம்பி, எனக்குப் பிடித்த கேள்வி இது. ஓர் அம்மாவின் பழைய அடையாள அட்டை 68574 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். 68 பிறந்த ஆண்டு. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டுவார்கள். அதைக் கழித்தால் 74. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணினால், மார்ச் 14. ஆக அவர் பெண், 1968 மார்ச் 14இல் பிறந்தவர். 12 இலக்கப் புது அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு முழுதாக இருக்கும்.

வங்கிக்கு அடித்தால் முதலில் கேட்பதும் அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும்தான். ஒரு கொப்பி போனால் இரண்டும் சேர்ந்தே போகிறது. அதை வைத்து உங்கள் பெயரில் சிம் எடுக்கப் பார்க்கலாம், கடனுக்கு விண்ணப்பிக்கப் பார்க்கலாம்.

கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்கும் கொப்பியின் குறுக்கே, படத்துக்கு மேலாலும் போகிற மாதிரி, யாருக்கு, எதற்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதிக் கையெழுத்து வையுங்கள். கொமினிகேசனில் கொப்பி எடுத்தால் ஒறிஜினலை மெசினுக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். பிழைத்த கொப்பியையும் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் என்றால், கடைப் பெடியன் போனிலிருந்து அது அழிந்ததா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

கஸ்தூரியார் வீதி நகைக் கடையில் காட்டை மெசினில் போட்டபின், கொம்பியூட்டரிலும் ஒருதரம் இழுத்தார்கள். சரியா? (நெல்லியடி)

சரியில்லை. அந்த இரண்டாவது இழுப்பில் காந்தப் பட்டியில் இருப்பது கடைக் கொம்பியூட்டருக்குள் பதிந்துவிடும். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், கொம்பியூட்டரைப் பற்றி யார் உத்தரவாதம்? வங்கி மெசினில் சிப்பைச் செருகினால் போதும், அதுவும் உங்கள் கண்முன்னால். சாப்பாட்டுக் கடையிலும் காட்டை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள்.

தட்டிக் கட்டும் காட்டைப் பொக்கற்றுக்கு வெளியால் வாசித்துவிடுவார்களாமே?

காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சில சென்ரிமீற்றர் கிட்ட வரவேண்டும். வந்தாலும் பின்பக்கத்து மூன்று இலக்கம் போகாது. அதைத் தடுக்கவென்று விற்கிற காட் உறை வாங்கும் காசுக்கு நல்லூரில் கச்சான் வாங்குங்கள்.

ஸ்டேட்மென்டில் தெரியாத ஒரு சின்னத் தொகை இருக்கிறது. விட்டுவிடலாமா? (சாவகச்சேரி)

எனக்கே நடந்தது. நூறு ரூபாகூட வராத ஒரு தொகை, பெயர் தெரியாத வெளிநாட்டுக் கடை. மனைவி காட்ட, "ஏதோ அப்" என்றுவிட்டேன். மூன்றாம் நாள் பெரிய தொகை போயிற்று. காட் வேலை செய்கிறதா என்று கள்ளன் முதலில் சின்னதாகத்தான் தட்டிப் பார்ப்பான்.

உடனே வங்கிக்கு அடியுங்கள், முறைப்பாட்டு இலக்கம் கேட்டு எழுதி வையுங்கள், பிறகு எழுத்திலும் கொடுங்கள். பொலிஸுக்கும் போகலாம்: இந்த வகை மோசடிக்கென்றே 2006இன் 30ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. போலி இணையத்தளம், களவுபோன கணக்கு என்றால் இலங்கை கணினி அவசரக் குழுவின் இலக்கம் 101. வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் 1935.

உங்கள் பெயரில் வேறு கடன் ஏதும் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். கிறிப் என்றால் கறுப்புப் பட்டியல் என்று ஊரில் ஒரு பயம். அது யார் எங்கே எவ்வளவு கடன் எடுத்தார், எப்படிக் கட்டுகிறார் என்ற பதிவு மட்டும்தான். எடுக்காத கடன் அதில் இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. வங்கியின் 24 மணி நேர இலக்கம் காட்டின் பின்பக்கம் இருக்கிறது. காட் துலைந்தால் அதுவும் கூடவே துலையும். இப்போதே பார்த்துச் சுவர்க் கலண்டரில் எழுதிவிடுங்கள்.