ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து விமானக் கதவு வரை நீளும் பாலம்) இல்லாமல் பயணிகளை ஏற்றும் விமான நிலையங்கள் ஏன் இன்னும் இருக்கின்றன?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். சில ஊர்களில் பயணிகள் வெயிலில் நடந்துபோய்ப் படியேறி விமானத்தில் உட்கார்கிறார்களே, அது வசதிக் குறைவுதானா? மூட்டுவலிக்கார அம்மாவை அப்படி ஓர் ஊர் வழியாக அழைத்துப் போவது எப்படி? முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் எழுதுவார்கள். இரண்டாவதில் நான் அடிபட்டவள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட்காரி. ஊரைச் சுற்றி முன்பு கித்தா, அதாவது ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் ஈப்போ. அங்கே பாலம் கிடையாது. கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், எதிரே விமானம், நடுவில் சுடுகிற சிமெண்டுத் தரை.

வசதிக் குறைவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் லண்டன் சிட்டி விமான நிலையத்திலும் பாலம் இல்லை. அங்கே கோட்டு சூட்டு போட்ட வங்கிக்காரர்களும் படியேறித்தான் போகிறார்கள். ஹவாயில் கோனா, கலிபோர்னியாவில் லாங் பீச், இரண்டிலும் இல்லை. தாய்லாந்தின் கோ சாமுயில் திறந்த வண்டியில் உட்கார வைத்து விமானத்தடிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அதற்காகவே அந்த ஊரைப் புகழ்கிறவர்களும் உண்டு. காத்மாண்டு ஒரு நாட்டின் தலைநகரம், அங்கேயும் படிதான். 2019 அக்டோபரில் திறந்த யாழ்ப்பாணம் பலாலியும் அப்படியே. பணக்கார ஊரும் ஏழை ஊரும் ஒரே வரிசையில் நின்றால் காரணம் வேறு எங்கேயோ இருக்க வேண்டும் அல்லவா?

முதல் காரணம் விமானமே. கோலாலம்பூர்ப் பக்கம் சுபாங்கிலிருந்து பினாங்குக்கும் கோத்தா பாருவுக்கும் பறக்கிற ஏ.டி.ஆர். 72, சென்னையிலிருந்து பலாலிக்குப் போன அதே வகை, எழுபது பேர் அளவுக்குக் கொள்கிற விசிறி விமானம். அதன் பயணிகள் கதவு வால் பக்கம் இருக்கிறது. முன்னால் இருப்பது சாமான் கதவு. கதவைத் திறந்து இறக்கினால் அதுவே படியாகிவிடும், ஐந்தாறு படிதான். இவ்வளவு தாழ்ந்த கதவுக்கு மாடியிலிருந்து வரும் பாலம் எதற்கு? இன்னொரு வேடிக்கை: பின்பக்கம் ஆட்கள் ஏறும்போது வால் தாழ்ந்துவிடாதபடி அடியில் ஒரு கம்பை முட்டுக் கொடுத்திருப்பார்கள். குலை தள்ளின வாழைக்குக் கொடுப்போமே, அப்படி.

ஏர்பஸ் ஏ320 வேறு கதை. அதன் கதவு தரையிலிருந்து ஏறக்குறைய 3.4 மீட்டர் உயரத்தில், அதாவது பதினோரு அடியில். மாடி வைத்த நிலையத்தில் பாலத்தை நீட்டினால் நேரே உள்ளே போய்விடலாம். ஒற்றைத் தளக் கட்டடத்தில் பாலம் வைக்க வேண்டுமென்றால் முதலில் ஆளை மாடிக்கு ஏற்ற வேண்டும். மின்தூக்கி, நகரும் படி, அதற்கெல்லாம் பராமரிப்பு. ஒரு நாளைக்குச் சில விமானமே வந்துபோகிற ஊரில் அது கட்டுப்படியாகாது.

அப்படியானால் பெரிய ஊர்களில்? அங்கே காசும் நேரமும். பாலத்தைப் பயன்படுத்த விமான நிறுவனம் கட்டணம் கட்ட வேண்டும். அதோடு பாலம் பெரும்பாலும் முன்கதவுக்கு மட்டும்தான் ஒட்டும்; படிவண்டி என்றால் முன்னும் பின்னும் இரண்டு கதவிலும் ஆள் ஏறலாம், இறங்கலாம். மலிவு விலை நிறுவனங்கள் இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு கூட்டத்தை இறக்கி அடுத்த கூட்டத்தை ஏற்றிப் பறக்கப் பார்க்கின்றன. விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு நட்டம். பாலத்தில் நிற்கிற விமானம் மூக்கைக் கட்டடத்துக்குக் காட்டி நிற்பதால் அதைப் பின்னால் தள்ளிவிட வண்டி வர வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் திறந்த வெளியில் நிற்பது தானே வளைந்து ஓடிவிடும்.

இந்தக் கணக்கிலேயே மலிவு விலை விமானங்களுக்கென்று கட்டியதுதான் எங்கள் கோலாலம்பூர் எல்.சி.சி.டி. 2006 மார்ச் 23-இல் திறந்து 2014 மே 9-இல் மூடினார்கள். பாலமே வைக்காமல் கட்டிய முனையம் அது. அதே மார்ச்சில் சிங்கப்பூர் சாங்கியிலும் பட்ஜெட் டெர்மினல் என்று ஒன்று திறந்தது, அங்கேயும் பாலம் இல்லை; 2012-இல் மூடிவிட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டைப் பார்த்தது எல்.சி.சி.டி. புண்ணியத்தில்தான். 2008 கடைசியில் திருச்சிக்கு நேரடி மலிவு விமானம் வந்த பிறகு, கல்யாணச் சேலை எடுக்கக்கூடப் போய் வந்தார்கள்.

அம்மாவின் முதல் விமானப் பயணமும் அந்த வழியில்தான், 2010-இல். கூரை போட்ட நடைபாதையில் போய், கடைசியில் வெட்டவெளியில் ஒரு இருபது எட்டு. மண்ணெண்ணெய் வாடை, காதை அடைக்கும் இரைச்சல். அம்மா படியடியில் நின்றுவிட்டார். அண்ணாந்து இறக்கையைப் பார்த்தார், கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உன் பாட்டி நாகப்பட்டணத்துல படகுல போயி, நடுக்கடல்ல நின்ன ரஜூலா கப்பல் ஏணியப் புடிச்சு ஏறினாங்களாம். நமக்குத் தரையிலயே ஏணி போட்டுட்டான்" என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

சில வருடம் கழித்து, எல்.சி.சி.டி.க்குப் பதிலாக வந்த கே.எல்.ஐ.ஏ. 2 முனையம் வழியாகப் போனோம். பாலத்துக்குள் நடந்து, இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்ட பிறகு அம்மா கேட்டார்: "எப்பம்மா பிளேனுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" சொல்லப்போனால் அவர் கேட்டதில் தப்பில்லை. பாலத்தில் போகிறவன் விமானத்தைப் பார்ப்பதே இல்லை.

இதைப் படித்துவிட்டுப் படிதான் அழகு என்று நான் கவிதை பாடுவதாக நினைக்க வேண்டாம். நம் நாட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் இருண்டால் கதை மாறிவிடும். மழைக்குக் குடை கொடுப்பார்கள். மின்னலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் மின்னல் வெட்டினால் தரையில் வேலை செய்கிறவர்களை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள், நம்மையும் வெளியே விட மாட்டார்கள். பாலம் இருந்தால் இறங்கவாவது இறங்கிவிடலாம்.

இனி முழங்கால். முப்பது வருடத்துக்கு மேல் அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டியவர். விடியாத இருட்டில் மேட்டுக் காட்டில் மங்கு மங்காய், அதாவது கிண்ணம் கிண்ணமாய்ப் பால் சேர்த்து, காவடிபோல் இருபக்கமும் வாளி தொங்கும் காண்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிய கால்கள். அறுபது தாண்டியதும் அவை கணக்குக் கேட்டன. ஒருமுறை சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டோம். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று சொல்லவில்லை. பாலமில்லாத ஒரு சின்ன நிலையம், அவ்வளவுதான். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தேன். அன்று அழகாகக் கொண்டு வந்தார்கள், அம்மாவை உட்கார வைத்து வெயிலில் தள்ளிக்கொண்டு போனார்கள், படியடியில் நிறுத்தினார்கள். தள்ளி வந்த பையன் குனிந்து, "மக்சிக், போலே நாயிக் தங்கா?" என்றான். அம்மா, படி ஏறுவீங்களா என்று கேட்கிறான். மேலே பார்த்தால் பதினோரு அடி.

முடியாது என்று நான் சொல்வதற்குள் அம்மா எழுந்துவிட்டார். "காண்டாவத் தூக்கிக்கிட்டு மேடு ஏறினவ நான், இத ஏற மாட்டனா?" ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். கைப்பிடி கொதித்தது. பாதியில் நின்றபோது அந்தப் பையன் கீழேயிருந்து ஓடி வந்து பின்னால் கை கொடுத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் மூன்று நாள் அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. விமானத் துறையில் சக்கர நாற்காலி என்பது ஒன்றல்ல, மூன்று. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற மாட்டார், உள்ளே இருக்கை வரை நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நான் 'வீல்சேர்' என்று மட்டும் சொன்னேன், அவர்கள் முதலாவதைப் பதிந்துவிட்டார்கள். கேட்காமல் பதிந்தது அவர்கள் பிழை, விவரம் சொல்லாதது என் பிழை. பாலமுள்ள நிலையத்தில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமலே காலம் ஓடிவிடும். பாலமில்லாத இடத்தில் அந்த ஓர் எழுத்துதான் பதினோரு அடி.

இரண்டாவதும் மூன்றாவதும் பதிவானால் ஆம்புலிப்ட் என்ற வண்டி வர வேண்டும். லாரிமேல் ஓர் அறை. ஆளை நாற்காலியோடு உள்ளே ஏற்றி, அறையைக் கதவு உயரத்துக்குத் தூக்கிவிடும். இந்த மாதிரி வசதிக்காகத்தான் 2007-இல் மாற்றுத் திறனாளிகள் எல்.சி.சி.டி.யில் திரண்டு போராடினார்கள். பாலம் வைக்காமல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இந்த வண்டியிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் கட்சி. டிக்கெட் மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த மலிவின் பாக்கியைக் கிழவிகளின் முழங்காலிலா வசூலிப்பது?

உங்களுக்கு நான் சொல்வது: 48 மணி நேரத்துக்கு முன்பே கூப்பிட்டு, "வீல்சேர்" என்று நிறுத்தாமல், "படி ஏற முடியாது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். என்ன குறியீடு போட்டார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் ஊரை மட்டும் விசாரிக்காமல் இறங்கும் ஊரில் ஆம்புலிப்ட் உண்டா என்றும் கேளுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. அன்றைக்குச் சீக்கிரம் போய் முகப்பில் இன்னொரு தடவை சொல்லுங்கள். அம்மா நடுவில் புகுந்து "நான் ஏறிடுவேன்" என்பார், காதில் வாங்காதீர்கள். முடிந்தால் காலை விமானம் எடுங்கள், மின்னல் தொல்லை குறைவு. ஏ.டி.ஆர். என்றால் கடைசி வரிசையில் இடம் கேளுங்கள், கதவு அங்கேதான். நடைபாதை ஓரம் காலை நீட்ட வசதி. ஜன்னல்தான் வேண்டும் என்று அவர் அடம் பிடித்தால் கொடுத்துவிடுங்கள்.