பையனே மாட்டட்டும், பேட்டரி ஒயரைத் தவிர

கேள்வி: எங்களிடம் பழைய வேகன் ஆர் இருக்கிறது. புது ஸ்டீரியோ, கதவுகளுக்கு நான்கு ஸ்பீக்கர், டிக்கியில் வைக்க ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் எல்லாம் வாங்கியாயிற்று. கடையில் ஃபிட்டிங் கூலி மட்டும் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். டிப்ளமோ படிக்கும் என் மகன், “எதுக்குப்பா தண்டம், வீடியோ பார்த்து நானே மாட்டிடறேன்” என்கிறான். நம்பி விடலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாதி வேலையை நம்பி விடலாம். ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் அவன் பொறுப்பு. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் கப்ளரை (கம்பெனி ஒயரையும் புது செட்டையும் இணைக்கும் பிளக்) மட்டும் தனியாக வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான், அது இருந்தால் கம்பெனி ஒயரை வெட்டவே வேண்டாம். மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் கரண்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கருப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, ‘வண்டியை அணைத்தால் செட்டிங் எல்லாம் அழிந்து போகிறது, செட்டே டூப்ளிகேட்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம், சித்திரை வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும். சால்டர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். அதற்கெல்லாம் முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்க வேண்டும், மறக்கக் கூடாது.

கதவில் ஒரே ஒரு விஷயம். உள் அட்டையைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், வீணாய்க் கிடப்பது போலத்தான் தெரியும். என் காருக்கு ஸ்பீக்கர் மாட்டிய கடைப் பையன் அதைக் கிழித்துச் சுருட்டி எறிந்துவிட்டான், ஐப்பசி மழையில் கண்ணாடி வழியாக இறங்கிய தண்ணீர் நேராகக் கால்மிதியில் சேர்ந்து, ஒரு மாதம் வண்டிக்குள் ஈரச்சாக்கு நாற்றம். கூலி கொடுத்தும் இந்தக் கதி! உங்கள் மகன் என்றால் பொறுமையாக உரித்து, திரும்ப ஒட்டுவான்.

ஆம்ப்ளிஃபயர் அப்படியில்லை, அதைக் கடையில் கொடுங்கள். 500 வாட்ஸ் ஆம்ப் முழு சத்தத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கான தடித்த ஒயர் பேட்டரியில் தொடங்கி இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகரத்தைத் துளைத்துக்கொண்டு டிக்கி வரை போகிறது. அந்தத் துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால் வண்டி குலுங்கக் குலுங்கத் தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும், செம்பு பாடியில் பட்ட நொடியில் பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த ஒயரில்தான் பாயும், ஒயரே அடுப்புக் கம்பி மாதிரி பழுத்துவிடும். ‘ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கே சார்’ என்பார்கள். இருக்கட்டும், அது ஆம்பைத்தான் காப்பாற்றும், வழியில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு அடி ஒயரை அல்ல. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இன்னொரு ஃபியூஸ் வேண்டும், அது இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அப்புறம், வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாமல் மகனோடு பக்கத்திலேயே நில்லுங்கள். ஒயர் நுனியைப் பிளேடால் சுரண்டச் சொல்லுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், வேறு கேளுங்கள். எர்த் ஸ்க்ரூ போடும் இடத்தில் பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கிறார்களா, கரண்ட் ஒயர் ஒரு பக்கமும் ஆடியோ ஒயர் மறுபக்கமும் போகிறதா என்று பாருங்கள். இதில் கோட்டைவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பாட்டோடு ‘ஙொய்ங்ங்’ என்று ஒரு ராகம் சேர்ந்து வரும்.

கேள்வி: ஸ்டீரியோ பெட்டியிலேயே ‘50 x 4 வாட்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, பிறகு ஆம்ப் எதற்கு?
- அதே வாசகர், கடிதத்தின் பின்குறிப்பில்

பதில்: அந்த 50 ஒரு கணம் எட்டிப் பார்க்கும் உச்சம். தொடர்ந்து தருவது சேனலுக்கு 20 வாட்ஸ் அளவில்தான் இருக்கும், கையேட்டில் ஆர்எம்எஸ் என்ற வரியைத் தேடுங்கள். கதவு ஸ்பீக்கருக்கு அது தாராளம். சப்வூஃபருக்குப் போதாது.