எட்டு மாதமாக பீரியட்ஸ் இல்லை: எனக்குக் குழந்தை பிறக்குமா?

கேள்வி: எனக்கு வயது 19. கல்லூரி அணியில் 800 மீட்டர் ஓடுகிறேன். எடை 48 கிலோ. எட்டு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. இணையத்தில் தேடினால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று வந்தது. அதனால் சோற்றை நிறுத்திவிட்டேன். ஹாஸ்டல் சீனியர் அக்கா பீரியட்ஸ் வருவதற்கு ஒரு மாத்திரை அட்டை கொடுத்தார். முடி கொட்டுகிறது, முகத்தில் பரு, கை எப்போதும் ஜில்லென்று இருக்கிறது. ஓடினால் இடது கணைக்காலில் வலிக்கிறது. பிற்காலத்தில் எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கடும் பயிற்சியும் போதாத சாப்பாடும் சேர்ந்து நிறுத்திய மாதவிடாய், சாப்பாடு சரியானால் திரும்பி வரும். கருப்பையோ சினைப்பையோ இதனால் கெட்டுப்போவதில்லை.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கணைக்கால் வலி. இன்றே ஒற்றை விரலால் அந்த எலும்பைத் தடவிக்கொண்டே வந்து பாருங்கள். எலும்பு நெடுகப் பரவலாக வலித்தால் அவசரமில்லை. ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அது மயிரிழை விரிசலாக இருக்கலாம். அப்படியென்றால் நாளைக்கு ஓடக் கூடாது. போட்டி இருந்தாலும் ஓடக் கூடாது. எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே நார்மல் என்றதும் மைதானத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். எம்ஆர்ஐ தேவைப்படலாம். இடுப்பு மடிப்பில் வலி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பீரியட்ஸுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? உடம்புக்கு வரும் சக்தி போதவில்லை என்றால் மூளை முதலில் சினைப்பைக்குப் போகும் உத்தரவைக் குறைக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. எலும்பைக் காப்பது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். ஆயுளுக்குமான எலும்புச் சேமிப்பில் பெரும்பங்கு இருபது வயதையொட்டிச் சேர்ந்துவிடுகிறது. உங்களுக்கு அது சேரவேண்டிய காலம் இது. அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 2019ல் வெளிப்படையாகப் பேசினார்: மூன்று வருடம் மாதவிடாய் இல்லை, ஐந்து எலும்புகள் உடைந்தன.

கணக்கைப் பாருங்கள். கொழுப்பு நீங்கலாக உங்கள் எடை சுமார் 40 கிலோ. பயிற்சிக்குச் செலவானது போக, கிலோவுக்கு 45 கலோரி வீதம் 1,800 கலோரி மிஞ்ச வேண்டும். அது கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனால் ஹார்மோன் தடுமாறும். பயிற்சிக்கு 600 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,400 கலோரி சாப்பிட வேண்டும். நீங்களோ சோற்றை நிறுத்தியிருக்கிறீர்கள்!

பிசிஓடி என்று இணையம் சொன்னதா? ஸ்கேனில் சினைப்பைக்குள் சின்னச் சின்ன முட்டைக் குமிழ்கள் நிறையத் தெரிவது சக்திக் குறைவால் பீரியட்ஸ் நின்றவர்களுக்கும் நடக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். பிசிஓடிக்குச் சொல்லும் ‘எடையைக் குறை’ என்பது உங்களுக்கு விஷம்.

அந்த மாத்திரையைப் போடாதீர்கள். அதனால் இரத்தப்போக்கு வந்தாலும் அது உங்கள் சினைப்பை விழித்துக்கொண்டதற்கு அடையாளமில்லை. எலும்புக்கும் ஒரு பயனும் கிடையாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள், அதுதான் ஆபத்து.

முடி, பரு, ஜில்லென்ற கை மூன்றையும் விடுங்கள். முடியும் கையும் சாப்பாட்டோடு சரியாகும். 19 வயதில் பரு வரத்தான் செய்யும்.

இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதம் வராதபோதே போயிருக்க வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். எல்லோருக்கும் செய்வதுதான், கோபப்பட வேண்டாம். பிறகு ஹார்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனைகள்: தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரடையால். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் எலும்பு அடர்த்தி காட்டும் டெக்ஸா ஸ்கேனும் கேளுங்கள்.

சோறு இன்றே தட்டுக்குத் திரும்பட்டும். காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். முடித்த அரைமணிக்குள் பால், முட்டை, இட்லி எது கிடைத்தாலும் வயிறு நிறைய. பீரியட்ஸ் திரும்பச் சில மாதம் ஆகும், பொறுங்கள்.

மாத்திரை அட்டையை அந்த அக்காவிடமே திருப்பிக் கொடுத்து, அவருக்கு மாதாமாதம் வருகிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.