சீனாவுக்கு வெளியே சைனீஸ் ஓட்டல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் நாலு தெரு உள்ள ஊரில்கூட ஒரு சைனீஸ் ரெஸ்டாரன்ட் இருக்கிறதாமே, அவ்வளவு ருசியா?

பதில்: ருசி அப்புறம், முதலில் சட்டம். சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாது என்று 1882-இல் அமெரிக்கா சட்டம் போட்டது, வியாபாரிகளுக்கு மட்டும் விலக்கு. ரெஸ்டாரன்ட் நடத்துபவரும் வியாபாரிதான் என்று 1915-இல் ஒரு நீதிமன்றம் சொன்னதும் வழி பிறந்தது. முதலாளி என்று காட்டிவிட்டால் சீனாவுக்குப் போய்த் திரும்பலாம், சொந்தங்களையும் அழைத்து வரலாம். ஆனால் ஓட்டல் உயர்தரமாக இருக்க வேண்டும், பெரிய பங்கு போட்டிருக்க வேண்டும், குறைந்தது ஒரு வருஷம் நிர்வாகம் தவிர சமையல், பரிமாறுதல் என்று எதிலும் கை வைத்திருக்கக் கூடாது. இவர்கள் விடுவார்களா? உறவுக்காரர்கள் பணத்தைச் சேர்த்துப் போட்டு ஒரே கடையைத் திறந்து, மேனேஜர் நாற்காலியில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டம் 1943-இல் ஒழிந்தது, ஆனால் அதற்குள் தொழில் கைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்காரர்கள் நியூயார்க் சைனாடவுன் ஏஜென்சிகளில் வேலை பிடித்து, பஸ் ஏறி முன்பின் தெரியாத ஊர்களின் சமையல்கட்டுகளுக்குப் போனார்கள். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சொந்தக் கடை. அதையும் சொந்தக்காரன் கடைக்குப் பக்கத்தில் போடாமல் போட்டியில்லாத ஊராகப் பார்த்துப் போட்டால்தானே பிழைக்க முடியும்.

கேள்வி: அமெரிக்க சைனீஸ் ஓட்டல்களில் ஒரு சீனத் தளபதி பெயரில் விற்கும் 'ஜெனரல் ட்ஸோ சிக்கன்' என்ற பொரித்த கோழி, உண்மையில் அந்தத் தளபதி சாப்பிட்டதா?

பதில்: வாய்ப்பே இல்லை. சீனாவின் ஹுனான் மாகாணத்துக்காரரான அந்தத் தளபதி 1885-இலேயே இறந்துவிட்டார். பெங் சாங்-குவெய் என்ற ஹுனான் சமையல்காரர் 1950-களில் தைவானில் உருவாக்கிய பதார்த்தம் இது. 1970-களில் அவர் நியூயார்க்கில் கடை போட்டபோது, அங்கே உள்ளவர்கள் நாக்குக்காகச் சர்க்கரை சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு அவர் ஹுனானிலேயே ஒரு ரெஸ்டாரன்ட் திறந்து இதைப் பரிமாறியிருக்கிறார். ரொம்ப இனிப்பு என்று உள்ளூர்க்காரர்கள் ஒதுக்க, கடையும் நிலைக்கவில்லை. இதற்காக அந்தச் சிக்கனைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன், செய்தவர் அசல் ஹுனான்காரர் ஆயிற்றே!

கேள்வி: பில்லோடு தரும், உள்ளே ஜோசியச் சீட்டு வைத்த ஃபார்ச்சூன் குக்கீயாவது சீனச் சரக்கா?

பதில்: அது ஜப்பான் சரக்கு. கலிஃபோர்னியாவில் ஜப்பானியர்கள் செய்து வந்தார்கள், இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அவர்களை அரசு முகாம்களில் அடைத்த பிறகு சீனர்கள் கைக்குத் தொழில் மாறிவிட்டது.

கேள்வி: சைனீஸ் சாப்பிட்டால் தலைவலி வரும் என்கிறார்களே, அஜினமோட்டோதான் காரணமா?

பதில்: 1968-இல் ஒரு டாக்டர், சைனீஸ் ரெஸ்டாரன்ட்டில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சமையல் ஒயின், உப்பு என்று அவர் சந்தேகப்பட்டவை பல, ஊர் பிடித்துக்கொண்டது அஜினமோட்டோவை மட்டும். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறைத்து நடத்திய சோதனைகளில் அந்தத் தொந்தரவுகள் சீராகத் தென்படவில்லை. அஜினமோட்டோவில் உள்ள குளூட்டமேட் தக்காளியிலும் பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே இருக்கிறது. பாக்கெட் சிப்ஸிலும் சூப்பிலும் இதே அஜினமோட்டோவைப் போட்டார்கள், கெட்ட பெயர் என்னவோ சீனர் கடைக்குத்தான்.

கேள்வி: சைனீஸ் சாப்பாடு அந்த நாட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்ட இடம் உண்டா?

பதில்: தென் அமெரிக்க நாடான பெரு. 1849 முதல் 1874 வரை சுமார் 1 லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கும், பறவை எச்ச உரம் வெட்டும் தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். தப்பிப் பிழைத்து ஒப்பந்தம் முடித்தவர்களில் பலர் தலைநகர் லிமாவில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அந்த வழியில் வந்த ஓட்டல்களுக்கு அங்கே 'சிஃபா' என்று பெயர், லிமாவில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மாட்டிறைச்சியைச் சோயா சாஸில் வதக்கி, உருளைக்கிழங்கு வறுவலும் சோறும் சேர்த்துத் தரும் 'லோமோ சால்தாதோ'வை பெருக்காரர்கள் சீன உணவாக நினைப்பதே இல்லை, வீட்டுச் சமையல் என்பார்கள். சிஃபாவில் ஃப்ரைட் ரைஸோடு பெரும்பாலும் மஞ்சள் நிற இன்கா கோலா குடிக்கிறார்கள், அது மட்டும் எனக்குப் புரியவில்லை, பபுள்கம் மாதிரி இனிக்கும்!