நானூற்றில் ஏழு

அன்புள்ள ஐயா,

நான் குன்னூரில் கல்லூரி மாணவி. தேயிலைச் சரிவுகளைக் கோடுகளாக வரையும் கணினி நிரல் ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு செடியும் வரிசையிலிருந்து எவ்வளவு விலகவேண்டும் என்பதைத் தற்செயல் எண்கள் முடிவுசெய்யும். ஓர் இரவில் நானூறு படங்கள் வந்தன. அவற்றில் ஏழு படங்களை ஊட்டியில் ஒரு சிறு கண்காட்சியில் வைத்தேன். ஒரு படத்தில் செடிகள் விலகி, மூடுபனி இறங்கியதுபோல நடுவே வெற்றிடம். நான் நினைத்தே பார்க்காதது அது. அப்படியானால் அது கணினியின் கற்பனைதானே?

ர.

அன்புள்ள ர.,

அந்தப் படத்தைத் தொடங்கிவைத்த ‘சீட்’ எண்ணைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? அதையே கொடுத்து நிரலை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நூறு முறை ஓட்டினாலும் அதே இடத்தில் அதே பனி இறங்கும். கணினியின் தற்செயல் எண்கள் ஒரு கணக்கின் விடைகள். திகைத்தது நீங்கள்தான். தாயம் விழுந்தால் தாயக்கட்டையை யார் மெச்சுகிறார்கள்?

உங்கள் செடிகளுக்கு ஒரு மூத்த உறவு உண்டு. ஜெர்மானியரான கேயார்க் நேஸ் 1968இல் கணினியில் செய்த ‘ஷோட்டர்’ என்ற படம். ஜல்லி என்று பொருள். வரிசைக்கு 12 சதுரமாக 22 வரிசைகள். மேலே ஒழுங்கு, கீழே போகப்போகச் சிதறல். சிதறடித்தவை தற்செயல் எண்கள். கீழே அதிகம் சிதறட்டும் என்று வைத்தவர் நேஸ்.

ஹெரால்ட் கோஹன் விஷயம் இன்னும் சிக்கலானது. 1966இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்ற ஓவியர். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து, 2016இல் இறக்கும்வரை, ‘ஆரன்’ என்ற ஒரே நிரலை வளர்த்தார். முதலில் ஆரன் கோடு போட, கோஹன் கையால் வண்ணம் தீட்டினார். பிறகு வண்ணத்தையும் அதற்கே கற்றுக்கொடுத்தார். படங்களைப் பொறுக்கியெடுக்கும் வேலையை மட்டும் கடைசிவரை தன் கண்ணிடம் வைத்துக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தோடர் அம்மா, அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளியில் பூவேலை செய்வதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துணியில் வரைந்துகொள்வதில்லை, இழைகளை எண்ணித்தான் ஊசி இறங்குகிறது. கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு. உங்கள் நிரலைவிடக் கறாரான கணக்கு. ஒரு வரிசை முடிந்ததும் துணியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நாலு தையலைப் பிரித்தார். எண்ணிக்கை தப்பிவிட்டதா என்று கேட்டேன். “எண்ணிக்கை சரிதான். பார்க்க நன்றாக இல்லை” என்றார்.

அன்றிரவு உங்கள் நிரல் ஒரு படத்தையும் அப்படித் தள்ளிப் பிடித்துப் பார்க்கவில்லை. ஒதுக்குவதற்கும் நிரல் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், அது உங்கள் ரசனையின் நகலாக இருக்கும். நீங்கள் ஒதுக்கச் சொன்ன படத்தை அது விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.

அதுவரை, ஒதுக்கிய 393இல் நாலைந்தை அனுப்பிவையுங்கள். சுவரில் மாட்டியவற்றைவிட அவற்றைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.