மதம் மாறித்தான் ஆகவேண்டுமா?

காதலர் சீனர், கத்தோலிக்கர், நீங்கள் இந்து. "ஞானஸ்நானம் வாங்கிட்டா நீ எங்க பிள்ளையே இல்லை" என்று சொல்லி அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார் என்கிறீர்கள்.

அம்மாவின் பயத்தில் பாதிக்கு அடிப்படையே இல்லை. சிங்கப்பூரில் உங்கள் இருவரின் திருமணப் பதிவுக்கு மதம் மாறத் தேவையில்லை. கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடத்தினாலும் நீங்கள் மாறவேண்டிய கட்டாயம் கிடையாது. சிறப்பு அனுமதி வாங்கி நடத்துவார்கள். ஆனால் அதற்கு உங்கள் காதலர் ஒரு வாக்குறுதி தரவேண்டும்: பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து அந்த நம்பிக்கையில் வளர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று. இதைப்பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அவரிடமே கேளுங்கள். தைப்பூசத்துக்குப் பிள்ளையை டேங்க் ரோடு கோயிலுக்குக் கூட்டிப்போகலாமா? பள்ளியில் தமிழா, சீனமா? (2011 முதல் பிள்ளைக்கு இரண்டு இனத்தையும் சேர்த்தே பதியலாம். எது முன்னால் என்று அதற்கும் ஒரு சண்டை வரும், அது தனிக்கதை.) "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் விடாதீர்கள்.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதவேண்டாம். அவர் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆயுங்கள். அவராகவே வாய் திறப்பார். பயம் மதத்தைப் பற்றியா, சொந்தக்காரர்கள் பேச்சைப் பற்றியா என்று அப்போது தெரிந்துவிடும். இரண்டாவதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, அப்பாவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையே, அவர் என்ன சொல்கிறார்?